உயிருக்கு ஒரு அவுன்ஸ்

மழையால் கெட்டுப்போன மீன்பிடிப் பயணங்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்றுதான் தொழிலாக மாறியது. 1967 மார்ச் மாதம், மிசிசிப்பி மாநிலம், ஜாக்சன் நகரத்து மோட்டல் ஒன்றில் ஓர் அறை. வெளியே மழை. உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார் ரே ஸ்காட். ஊர் அலபாமா, வயது 33, பிழைப்பு இன்ஷூரன்ஸ் விற்பது. பந்தை வளையத்துக்குள் போடுவதற்குக் கூட்டம் கூடுகிறது, டிவிக்காரன் வருகிறான், காசு கொட்டுகிறது; மீன் பிடிப்பதற்கு மட்டும் ஏன் கொட்டக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நீங்களும் நானும் என்றால் காலையில் காபி குடித்ததும் இதை மறந்திருப்போம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மறக்க மாட்டார். வேண்டாம் என்பவரிடம் விற்றே பழகியவர்.

மூன்றே மாதத்தில், ஜூனில், ஆர்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில் பேஸ் மீன் பிடிக்கும் போட்டி நடந்தது. ஸ்பிரிங்டேல் ஊர் டாக்டர் ஒருவரிடம் 2,500 டாலர் கைமாற்று. ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம். 106 பேர் வந்துவிட்டார்கள். டென்னசியைச் சேர்ந்த ஸ்டான் ஸ்லோன் ஜெயித்தார். 2,000 டாலரும் மெக்சிகோவின் அகாபுல்கோ கடற்கரைக்கு உல்லாசப் பயணமும் அவருக்குப் பரிசு. மீன்களுக்குக் கிடைத்தது கயிறு.

அந்தக் காலத்து வழக்கம் அதுதான். தாடையில் கயிற்றையோ சங்கிலியையோ கோத்து, படகோரம் தண்ணீரில் தொங்கவிட்டு, மாலையில் கரையேறி, தராசில் மாட்டி, மாலைபோல் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்வது. பிறகு அவை சமையலுக்கோ தர்மத்துக்கோ போகும். செத்த மீனைத் தர்மம் செய்வதில் அன்று யாருக்கும் குற்றவுணர்ச்சி கிடையாது. சொல்லப்போனால், அதுவரை அந்த நாட்டில் பிடிபட்டதிலேயே பெரிய பேஸ் மீனுக்கு என்ன நேர்ந்தது? 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய பத்துக் கிலோ எடையுள்ள ஒன்றைப் பிடித்தார். தபால் ஆபீஸ் தராசில் நிறுத்தார். ஒரு பத்திரிகைப் போட்டிக்குத் தகவல் அனுப்பி 75 டாலர் பெறுமான சாமான்களை வென்றார். மீன்? வீட்டில் சமைத்துவிட்டார்கள். பொருளாதார மந்தக் காலம்; உலக சாதனை இரண்டு வேளைக்கு வந்தது. அந்த ஆண்டில் அவரிடம் போய், மீனைத் திரும்ப ஏரியில் விட்டீர்களா என்று கேட்டிருந்தால், கேட்டவரைத்தான் ஏரியில் விட்டிருப்பார்கள்.

பேஸ் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. பெருவாய் பேஸ், லார்ஜ்மவுத் என்பார்கள், பச்சையும் கறுப்புமான நன்னீர் மீன். வாய் மூடியிருக்கும்போதே அதன் ஓரம் கண்ணைத் தாண்டிப் போகும். தவளை, எலி, வாத்துக்குஞ்சு, தன் இனத்துக் குஞ்சு என எதையும் விடாது. கோபக்காரன், பசிக்காவிட்டாலும் கடிக்கும். தூண்டில்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற டாக்டர் 1881இலேயே இதன் புகழ்பாட ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார்.

ஸ்காட்டுக்கு முதல் தலைவலி மீன் அல்ல, மனிதன். மீன் போட்டி என்றாலே திருட்டு என்று அன்று பேர். முந்தின நாளே பிடித்துக் கூண்டில் ஒளித்து வைத்த மீன், வயிற்றில் ஈயம் விழுங்கிய மீன், கடையில் வாங்கிய மீன். ஸ்காட் ஒவ்வொரு படகிலும் முன்பின் தெரியாத இரண்டு போட்டியாளர்களை ஜோடி சேர்த்து உட்காரவைத்தார். ஒருவன் திருடினால் மற்றவன் காட்டிக்கொடுப்பான். பரிசு என்று வந்துவிட்டால் நட்பு எங்கே இருக்கிறது? அதற்கும் மேல் சந்தேகம் வந்தால் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரம். கொலை வழக்குக்குப் பயன்படும் கருவியை ஒரு மீனுக்காக மாட்டிக்கொண்டு, ஆமாம் ஐயா, நான்தான் பிடித்தேன் என்று வியர்க்க வியர்க்கச் சொல்லவேண்டும். இந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.

1968இல் பி.ஏ.எஸ்.எஸ். என்ற சங்கம் பிறந்தது. பத்திரிகையும் வந்தது. 1971இல் பேஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற போட்டி: 24 வீரர்களை விமானத்தில் ஏற்றி, எந்த ஏரிக்குப் போகிறோம் என்பதையே வானத்தில் வைத்துத்தான் சொன்னார்கள். நெவாடா பாலைவனத்து மீட் ஏரி. பாபி மர்ரி 10,000 டாலரை மொத்தமாகத் தட்டிக்கொண்டு போனார். தொழில் நன்றாகத்தான் போயிற்று. உள்ளூர்க்காரர்கள்தான் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வெளியூர்க் கூட்டம் லாரி லாரியாகப் படகோடு வந்து, எங்கள் ஏரியைத் துடைத்துவிட்டுப் போகிறது; நாளைக்கு எங்கள் பிள்ளைகள் எதைப் பிடிப்பார்கள்?

இந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. ஸ்காட்டுக்கும் அது தெரியும். அவரை வெறும் வியாபாரி என்று ஒதுக்கவும் முடியாது. 1970இலேயே, 1899ஆம் ஆண்டுப் பழைய சட்டம் ஒன்றைத் தூசுதட்டி எடுத்து, ஆறுகளில் கழிவு கொட்டிய 200க்கும் மேற்பட்ட ஆலைகள் மீது வழக்குப் போட்டவர் அவர். ஆக, மீன் சாகக்கூடாது என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. அப்படிச் சாகாமல் இருப்பது தொழிலுக்கும் நல்லது என்பதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் ஒன்றுமில்லை.

யோசனை கொலராடோ மலையில் கிடைத்தது. ட்ரவுட் மீன் பிடிக்கும் கனவான்கள் ஒரு சாண் மீனைப் பிடித்து, அதற்கே துள்ளிக் குதித்து, பிறகு அதைப் பூப்போல ஓடையில் விட்டதைப் பார்த்தாராம். சாண் மீனுக்கே இவ்வளவு ஆனந்தம் என்றால், முழ மீனை விட்டால் என்னவாகும்? 1972இல் அறிவிப்பு வந்தது: பிடித்ததைக் கொல்லாதே. உயிரோடு கொண்டுவரும் ஒவ்வொரு மீனுக்கும் எடையில் ஒரு அவுன்ஸ் போனஸ். 28 கிராம். ஒரு மீனின் உயிருக்கு உலகிலேயே முதன்முறையாகச் சந்தை விலை நிர்ணயமானது அன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ்காரர் மீனுக்கு ஆயுள் பாலிசி போட்டுவிட்டார். பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளை மட்டும் மீன் படிக்கவில்லை.

முதல் நிபந்தனை: எடை மேடைக்கு வரும்வரை உயிரோடு இருந்தால் போதும். அதற்கப்புறம் கம்பெனி பொறுப்பல்ல.

வீரர்கள் உடனே உழைப்பில் இறங்கினார்கள். அவுன்ஸ் கணக்கில் பரிசு மாறும் ஆட்டம் அல்லவா! ஐஸ் பெட்டியில் பம்ப் மாட்டினார்கள். பிறகு படகுக் கம்பெனிகள் படகுக்குள்ளேயே தொட்டி கட்டித் தந்தன. ஏரித் தண்ணீரை உறிஞ்சி, தெளித்து, காற்றுக் கலந்து, வெளியே தள்ளும் தொட்டி. லைவ்வெல் என்று பெயர். காலை ஏழு மணிக்குப் பிடிபட்ட பேஸ் பிற்பகல் மூன்று வரை அதற்குள் இருக்கவேண்டும். கூடவே இன்னும் நான்கு பேர், அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் தின்னத் தயங்காதவர்கள். படகு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அலைமேல் குதித்துக் குதித்துப் போகும். ஜூலை மாதத் தண்ணீர் 30 டிகிரி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறைவு. சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ அதிகம். தூண்டிலில் இழுபட்டுப் போராடியதில் உடம்பில் லாக்டிக் அமிலம் வேறு ஏறியிருக்கிறது. மாரத்தான் ஓடி முடித்தவரை டிக்கியில் போட்டுப் பூட்டி, ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, பாருங்கள், உயிரோடுதான் இருக்கிறார் என்று மேடையில் நிறுத்துவதற்குப் பெயர் பாதுகாப்பு.

மேடைக் காட்சியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். தொட்டியிலிருந்து மீன்களை அள்ளி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையில் போடுகிறார் வீரர். வரிசை நீளம். பையில் இருக்கும் தண்ணீரின் ஆக்சிஜன் இரண்டு மூன்று நிமிஷத்துக்குத்தான் வரும். முன்னால் நிற்பவர் தன் மனைவிக்கும் ஸ்பான்சருக்கும் கடவுளுக்கும் ஒலிபெருக்கியில் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார், ஸ்பான்சர் பட்டியலோ நீளமானது. பைக்குள் ஐந்து வாய்கள் திறந்து திறந்து மூடுகின்றன. முறை வந்ததும் பெரிய மீன்கள் இரண்டைக் கீழ்த்தாடையில் பெருவிரல் கொடுத்துத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு போட்டோ, அந்தப் பக்கம் ஒரு போட்டோ. முழு எடையும் தாடை எலும்பில் தொங்குகிறது. கௌபாய் தொப்பி அணிந்த ஸ்காட் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை உசுப்புகிறார். கைதட்டல். அப்புறம் மீன்கள் கரையோரத்தில் தண்ணீருக்குள் வழுக்கி இறங்குகின்றன. வாலை ஒரு அடி அடித்து மறைகின்றன. எல்லோருக்கும் நிம்மதி.

நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். போட்டி முடிந்து விடப்பட்ட மீன்களை வலைக்கூண்டுகளில் வாங்கிப் போட்டு, சில நாள் காத்திருந்து எண்ணினார்கள். மேடையில் வாலாட்டிய மீன்கள் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதாவது, பரிசளிப்பு விழா முடிந்து, வீரர் ஊர்போய்ச் சேர்ந்து, தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்தபிறகு. 1998இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ஜீன் வைல்ட் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிச் சேர்த்துப் பார்த்தபோது, கண்ணெதிரே சாகும் கணக்கு முன்னைவிட நன்றாகக் குறைந்திருந்தது. கண்மறைவாகச் சாகும் கணக்கு அப்படிக் குறையவில்லை. தண்ணீர் சூடேற ஏறச் சாவும் ஏறியது. கால் நூற்றாண்டு முயற்சி, சாவை மேடையிலிருந்து இறக்கி ஏரியின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஆழத்திலிருந்து இழுக்கப்படும் பேஸுக்கு உள்ளே இருக்கும் காற்றுப் பை உப்பிவிடும். சில மீன்களுக்குத் தொண்டைக்கும் பைக்கும் நடுவே குழாய் உண்டு, ஏப்பம் விட்டுத் தப்பிக்கும். பேஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எட்டு ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து வந்தால், பலூன் விழுங்கியதுபோல் மல்லாந்து மிதக்கும். இதற்கு வைத்தியம் ஊசி. மருந்து ஊசி அல்ல, வெற்று ஊசி. விலாவில் ஒரு செதிலுக்கு அடியிலோ வாய் வழியாகவோ, காற்றுப் பை இருக்கும் இடம் பார்த்துக் குத்தினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். இடம் தவறினால் வேறு உறுப்பு ஓட்டை. கையில் ஊசியோடு நிற்பவர் கால்நடை டாக்டர் இல்லை. நேற்றுவரை பிளம்பர், இன்று மீன் வீரர். தொட்டியில் கொட்டக் கலர்ப்பொடிகளும் கடையில் விற்றன. மீன் பிழைத்ததோ இல்லையோ, தண்ணீர் அழகாக இருந்தது.

ஒருவழியாக 2002இல் மீன்வள விஞ்ஞானிகள் ஜீன் கில்லிலாண்டும் ஹால் ஷ்ராமும் வழிகாட்டி நூல் ஒன்றை எழுத, ஸ்காட் தொடங்கிய சங்கமே அதை வெளியிட்டது. அதிலிருந்த விஷயம் எளிமையானது: பம்பை நிறுத்தாதே, ஐஸ் போடு, ஆனால் ஒரேயடியாகக் குளிர்விக்காதே, உப்புப் போடு, பையில் அதிக நேரம் வைக்காதே, வெயில் காலத்தில் போட்டி நேரத்தைக் குறை. கேட்டவர்களின் மீன்கள் பிழைத்தன. வசந்தத்திலும் பனிக்காலத்திலும் ஒழுங்காக நடத்தப்படும் போட்டிகளில் பெரும்பாலான மீன்கள் இன்று பிழைக்கவே செய்கின்றன. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வசந்தம் என்றதும் இன்னொரு கதை. பேஸ் இனத்தில் முட்டையைக் காப்பது அப்பா. அம்மா முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்பா அடிமண்ணைச் சுத்தம் செய்து, கூட்டின்மேல் சுற்றிச் சுற்றி வந்து, வருகிறவனையெல்லாம் விரட்டும். தூண்டில் இரை கூட்டுக்குமேல் விழுந்தால் அதையும் கடிக்கும், பசியால் அல்ல, பொறுப்பால். அந்தப் பொறுப்பான அப்பாவைத்தான் பிடித்து, இருபது கிலோமீட்டர் தள்ளி மேடையேற்றி, கைதட்டி, அங்கேயே விடுகிறார்கள். காலியான கூட்டில் புளூகில் மீன்கள் பந்தி போட்டுச் சாப்பிடும். மீன் பிழைத்தது, குடும்பம் போயிற்று. விட்ட இடத்திலேயே பல மீன்கள் நாள்கணக்கில் திகைத்துப்போய் நிற்பதும் உண்டு. எடை மேடைக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டால் நல்ல வேட்டை என்று உள்ளூர்ப் பையன்களுக்குத் தெரியும்.

இல்லினாய் விஞ்ஞானி டேவிட் ஃபிலிப்பின் குழு இதை இன்னும் ஒருபடி தோண்டியது. ரிட்ஜ் ஏரி என்ற சிறிய ஏரியில் பிடிக்கும் ஒவ்வொரு மீனுக்கும் அடையாளமிட்டு, கணக்கெழுதி, அங்கேயே விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ஏரியை வடித்துப் பார்த்தால், ஒருமுறைகூடத் தூண்டிலில் சிக்காத மீன்கள் சுமார் 200. ஒரு மகானுபாவ மீனோ ஒரே ஆண்டில் 16 முறை சிக்கியிருந்தது. சிக்கும் குணம் வம்சத்தில் வருகிறது என்று பின்னர் தலைமுறை தலைமுறையாக வளர்த்து நிரூபித்தார்கள். சிக்கும் குணமுள்ள ஆண்கள்தான் கூட்டைக் காப்பதிலும் கெட்டிக்காரர்கள் என்பதும் தெரிந்தது. நல்ல அப்பாக்களை வரிசையாக எடுத்துவிட்டு, மற்றவர்களை வைத்து இனத்தை நடத்துகிறோம்.

எனக்கு அந்தப் பதினாறு முறை மீனைத்தான் பிடித்திருக்கிறது. அதன் புத்தியைப் பாராட்ட முடியாது. ஆனால் அது ஒரு பெரிய உண்மையை நிரூபித்துவிட்டது: பேஸ் மீனைக் கொல்வது பெரும்பாலும் கொக்கி அல்ல. பிடித்த இடத்திலேயே சட்டென்று விட்டால் அது பதினாறு தடவை பிழைக்கும். கொல்வது ஊர்வலம்.

ஊர்வலம் என்றால் இறுதி ஊர்வலமும் உண்டு, அதுவும் அமெரிக்க பாணியில். அலபாமாவின் யூஃபாலா ஊரில் தூண்டில் இரை வியாபாரி டாம் மான், லீராய் பிரவுன் என்று பெயரிட்ட ஒரு பேஸைத் தொட்டியில் வளர்த்தார். 1980களின் தொடக்கத்தில் அது இறந்தபோது நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள், தூண்டில் பெட்டியே சவப்பெட்டி, பளிங்கில் கல்லறை. சில நாளில் யாரோ தோண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பணயத்தொகை கேட்டார்கள். கடைசியில் ஓக்லஹோமாவின் டல்சா விமான நிலையத்தில் நாற்றத்தால் அகப்பட்டது என்று சொல்கிறார்கள். டெக்சாஸில் 1986இல் பிடிபட்ட எத்தெல் என்ற எட்டுக் கிலோ அம்மணி ஒரு கடையின் காட்சித் தொட்டியில் ராணியாக வாழ்ந்து 1994இல் காலமானபோது நினைவுக் கூட்டமே நடந்தது. பெயர் கிடைத்த மீனுக்கு இரங்கற்பா. பெயரில்லாத மீன் மூன்றாம் நாள் நாணலுக்குள் ஒதுங்கும். நம் ஊரிலும் மனிதர்களுக்கு ஏறக்குறைய இதே நடைமுறைதான்.

இதே மீன் பசிபிக்கைத் தாண்டினால் கதை தலைகீழ். 1925இல் அகாபோஷி என்ற செல்வந்தர் அமெரிக்காவிலிருந்து ஜப்பானின் ஆஷி ஏரிக்குப் பேஸைக் கொண்டுபோனார். அது பரவி, பீவா ஏரியில் நாட்டு மீன்களைத் தின்று கொழுத்தது. 2003 முதல் ஷிகா மாகாணத்தில் பீவாவில் பிடித்த பேஸைத் திரும்ப விடுவது விதிமீறல். கரையில் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள், அதில் போடவேண்டும். அந்த ஏரியில்தான் 2009 ஜூலையில் மனாபு குரிட்டா என்பவர் ஜார்ஜ் பெர்ரியின் சாதனைக்குச் சமமான பேஸைப் பிடித்தார். 77 ஆண்டு ரிக்கார்டு. அங்கீகரிப்பதற்கு முன் அவரையும் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு கரையில் மீனை விடாதவன் பாவி, மறு கரையில் விட்டவன் பாவி. மீன் பாஸ்போர்ட் பார்த்துப் பிறந்திருக்கவேண்டும்.

அமெரிக்காவில் கடைசியாக யோசித்தவர்கள் வீரர்கள்தான். 2011இல் தொடங்கிய மேஜர் லீக் ஃபிஷிங் போட்டியில் தொட்டியும் கிடையாது, பையும் கிடையாது, மேடையும் கிடையாது. படகிலேயே நடுவர் உட்கார்ந்திருப்பார். பிடி, தராசில் மாட்டு, எண்ணைச் சொல், அங்கேயே விடு. கணக்கு டிவி திரையில் ஓடும். நிமிஷக் கணக்கில் மீன் தன் வீட்டில். 1967இலேயே இதைச் செய்திருக்கலாமே என்றால், செய்திருக்க முடியாது. அன்று சாட்சி வேண்டும் என்றால் மீனையே கொண்டுவரவேண்டும். மீனவன் பேச்சை யார் நம்புவார்கள்?

ஆனாலும் பேஸ்மாஸ்டர் கிளாசிக் மேடையை விடவில்லை. இன்றும் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த உள்ளரங்குக்குள், மீன் நிரம்பிய படகை வண்டியில் கட்டி இழுத்துவருகிறார்கள், விளக்கும் இசையும் புகையுமாக. இப்போது ஐஸும் ஆக்சிஜனும் கலந்த தொட்டிகள் பின்னால் காத்திருக்கின்றன, மீன்களை ஏரிக்குத் திருப்பி அனுப்பத் தனி வண்டியும் உண்டு. ஸ்காட் 2022 மே மாதம் 88 வயதில் மறைந்தார். அவர் அறிவித்த ஒரு அவுன்ஸ் போனஸ் போய், செத்த மீன் கொண்டுவந்தால் அபராதம் என்று விதி மாறிவிட்டது. ஒரு மீனுக்கு நான்கு அவுன்ஸ் பிடித்தம். அரை நூற்றாண்டில் நான்கு மடங்கு. அதே காலத்தில் மற்ற சாமான்களின் விலை இதைவிட அதிகமாகவே ஏறியிருக்கிறது.